வீட்டுக்கே வரும் வலி நிவாரணக் குழு: வியாசர்பாடியில் எங்கள் அனுபவம்

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றை ஏன் குறைத்தேன் என்பதையும் எழுதப் போகிறேன், அதனால் எங்கள் வீட்டுக்கு வந்த குழுவை நடத்தும் அறக்கட்டளையின் பெயரைப் போடவில்லை. சென்னையில் இதே வேலையைச் செய்யும் வேறு அறக்கட்டளைகளும் இருக்கின்றன, 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கு வந்து வலியையும் வேதனையையும் குறைக்கும் ஆதரவு சிகிச்சை உண்டு. எதைக் கூப்பிட்டாலும் என்ன கேட்டுக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

என் மாமியாருக்கு மார்பகப் புற்று. கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்தும் பரவிவிட்டது, ஆஸ்பத்திரியில் "இனிமே வீட்லயே வச்சு பாத்துக்கங்க" என்று அனுப்பிவிட்டார்கள். சொல்வது சுலபம். எங்களுடையது பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஒரு அறையும் ஒரு சமையல் இடமும், அதில் ஐந்து பேர். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருந்தது, ஆனால் அது ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குத்தான், வீட்டில் படுத்திருப்பவருக்கு டயப்பர் வாங்கித் தராது.

ஆஸ்பத்திரி வார்டில் ஒருவர் கொடுத்த எண்ணில் கூப்பிட்டோம். ஒரு நர்ஸும் ஒரு சமூகப் பணியாளரும் வந்தார்கள், டாக்டர் அப்புறம் ஒரு நாள் வந்தார். காசு எதுவும் கேட்கவில்லை. நர்ஸ் சிஸ்டர் உள்ளே வந்ததும் பையைத் திறக்கவில்லை, தரையில் உட்கார்ந்து அத்தையிடம் பேச ஆரம்பித்தார், எங்கே வலிக்குது, ராத்திரி தூக்கம் வருதா, கடைசியா எப்போ வெளிக்குப் போனீங்க என்று. இத்தனை வருட சிகிச்சையில் இந்த மூன்றாவது கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரைதான் பெரிய மாற்றம். நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, ராத்திரி படுக்கும்போது மட்டும் டபுள், இடையில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக. கூடவே மலமிளக்கி மாத்திரை கட்டாயம், அது இல்லாமல் மார்ஃபின் மட்டும் கொடுத்தால் வயிறு கட்டி வேறு வேதனை தொடங்கிவிடும். என் கணவரின் அண்ணன் "போதை மருந்தாச்சே, பழகிடுமே" என்று சண்டைக்கு வந்தார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார், வலிக்குக் கணக்காகக் கொடுத்தால் அடிமையாவது மிக மிக அரிது, மருந்து சீக்கிரம் கொன்றுவிடும் என்பதும் தப்பு, ஆனால் நீங்களாக அளவைக் கூட்டவோ சட்டென்று நிறுத்தவோ கூடாது என்று. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்தே இந்த மாத்திரையைப் பல ஆஸ்பத்திரிகள் வைத்துக்கொள்வதில்லை, 2014இல் சட்டத்தைத் திருத்தி லைசென்ஸ் விஷயத்தை எளிதாக்கியும் இன்னும் தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்காது. அதனால் கூப்பிடும்போதே "உங்களிடம் மார்ஃபின் இருக்கா" என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள், பிரஷர் பார்த்துவிட்டுப் போக வீட்டுக்கு ஆள் வர வேண்டியதில்லை.

அடுத்தது காயத்தின் நாற்றம். இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கட்டி உடைந்து புண்ணாகி வரும் வாடை ஒற்றை அறையில் சோற்றிலும் ஏறும், பக்கத்து வீட்டுக்கும் போகும், அதனாலேயே அத்தை யாரையும் கிட்டே வர விடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சிஸ்டர் புண்ணை உப்புத்தண்ணீரில் கழுவி, கிருமியைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடி செய்து தூவி, எனக்கும் செய்துகாட்டினார். கடையில் புண்ணுக்குக் கட்டும் காஸ் துணி வாங்கக் கட்டுப்படியாகாது என்று தெரிந்துகொண்டு பழைய பருத்தி வேட்டியைத் துவைத்து, வெட்டி, இட்லிப் பானையில் ஆவியில் வைத்து எடுக்கச் சொன்னார். நாலைந்து நாளில் வாடை பெரும்பாலும் அடங்கியது, பேரப்பிள்ளைகள் மறுபடி பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தார்கள். இந்த நாலு நட்சத்திரத்தில் இரண்டு இதற்கே.

படுக்கைப் புண் வராமல் இருக்கக் காற்றுப் படுக்கை இரவலாகக் கொடுத்தார்கள். நல்லதுதான், ஆனால் அதைப் போட்டதும் பாதி அறை போய்விட்டது, கரண்ட் போனால் சுருங்கிவிடும். அது இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கத்தான் வேண்டும். அதை யார் செய்வது? நான் நாலு வீட்டில் வேலை செய்கிறவள், இரண்டை விட்டுவிட்டேன். குழு மாதம் ஒரு முறை அரிசி பருப்பு கொடுத்தது, கைவிட்டுப் போன சம்பளத்துக்கு அது எந்த மூலைக்கு? சேவை இலவசம் என்பார்கள், சரி, ஆனால் வீட்டில் ஒரு பெண்ணின் கூலி போய்த்தான் அது நடக்கிறது, இதைக் கணக்கில் எடுக்கும் திட்டம் எதையும் நான் பார்க்கவில்லை.

இப்போது அந்த ஒரு நட்சத்திரம். ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் யாரும் வர மாட்டார்கள், போன் மட்டும்தான். ஒரு ராத்திரி மூச்சுத் திணறல் வந்தபோது போனில் தலையணையை உயர்த்துங்கள், ஜன்னலைத் திறந்து முகத்துக்கு விசிறுங்கள் என்றார்கள். அது வேலை செய்தது, மறுக்கவில்லை. ஆனால் கை நடுங்கிக்கொண்டே விசிறியது நான்தானே, அக்கம்பக்கமெல்லாம் "108ஐக் கூப்பிடு, ஏன் சும்மா வச்சிருக்கீங்க" என்று கத்திக்கொண்டிருந்தது. இன்னொன்று, மாத்திரை தீர்ந்தால் நாங்களே அவர்கள் சென்டருக்குப் போய் காலி அட்டையைக் காட்டி வாங்க வேண்டும், பஸ் மாறிப் போய்வர அரைநாள் கூலி போச்சு. பெயர் எழுதிய வேன் தெருவில் நிற்பதும் எங்களுக்குப் பிடிக்கவில்லை, சொன்னதும் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள், அதற்கு நன்றி.

அத்தையிடம் உண்மையைச் சொல்லலாமா என்று எங்களுக்குள் பெரிய தகராறு. சிஸ்டர் எதையும் போட்டு உடைக்கவில்லை, "உங்களுக்கு என்ன தோணுதும்மா" என்று மட்டும் கேட்டார். "எனக்கு இன்னா தெரியாதா கண்ணு, இவங்களுக்குத்தான் தெரியாதுன்னு நெனச்சுனு கீறேன்" என்றார் அத்தை. அன்றைக்குத்தான் தோட்டை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது வரை பேசினார்.

வீட்டிலேயே இறந்தால் காகித வேலை வேறு இருக்கிறது. மரணக் காரணச் சான்றிதழ் தர ஒரு டாக்டர் வேண்டும், எங்களுக்குக் குழுவின் டாக்டரே எழுதிக் கொடுத்தார். இதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மாநகராட்சியில் 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. மீதி மார்ஃபினை எண்ணித் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், தூக்கி எறியாதீர்கள்.

கூப்பிட நினைப்பவர்கள் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம், சிகிச்சை நடக்கும்போதே பதிவு செய்துகொள்ளலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், ஆதார் நகல் மூன்றையும் எடுத்து வையுங்கள். மாடி எண்ணையும் லிஃப்ட் இல்லை என்பதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள், எங்கள் வீட்டுக்கு ஆக்ஸிஜன் மெஷினைத் தூக்க முடியாமல் ஒரு தடவை திரும்பிப் போனார்கள்.