மலையகத்திலிருந்து ஒரு முதலீட்டுப் பகுப்பாய்வு ஏபிஐ: நீண்டகாலம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

2023இலிருந்து ஹட்டனில் இருந்தபடி ஒரு சிறிய வெப் ஏபிஐயை, அதாவது ஒரு செயலி தரவை அனுப்பினால் கணக்குப் போட்டுப் பதில் அனுப்பும் இணைய நிரலை, பராமரித்து வருகிறேன். பங்கு வாங்கியது, விற்றது, பங்கிலாபம் வந்தது, திறைசேரி உண்டியல் (அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரம்) முதிர்ந்தது என்று ஒருவருடைய கொடுக்கல் வாங்கலை அனுப்பினால் போதும். இன்றைய பெறுமதி, உண்மையான வருட வருமானம், ஏற்ற இறக்கம், உச்சத்திலிருந்து எவ்வளவு விழுந்தது என்பதெல்லாம் கணக்கிடப்பட்டுத் திரும்பி வரும். நண்பர் ஒருவர் செய்த கைபேசிச் செயலி அதற்கு முகமாக இருக்கிறது. டிக்கோயா, தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்து ஆசிரியர்கள், வங்கியில் வேலை செய்பவர்கள், கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளைகள் என ஒரு சிறு வட்டம் இதைப் பயன்படுத்துகிறது.

இதே மாதிரி ஒன்றைச் செய்ய நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏபிஐயை எழுதுவதும் சேவையகத்தில் ஏற்றுவதும் இன்று பெரிய காரியமில்லை. கொழும்பு பங்குச் சந்தை எப்படி நடக்கிறது என்று தெரிந்து கணக்குப் போடுவதில்தான் உழைப்பு இருக்கிறது. அமெரிக்கச் சந்தையை மனதில் வைத்து எழுதப்பட்ட வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் ஏபிஐ ஓடும், ஆனால் அது தரும் எண்களை நம்பி யாரும் காசு போடக்கூடாது.

கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பைத்தான் என்ற நிரல்மொழி, அதில் ஏபிஐ எழுத உதவும் ஃபாஸ்ட்ஏபிஐ, அட்டவணைக் கணக்குகளுக்கான பாண்டாஸ் நூலகம், ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளமான எஸ்கியூலைட். ஃபாஸ்ட்ஏபிஐ 2018 இறுதியில் வெளிவந்தது. உள்ளே வரும் தரவின் வடிவத்தை ஒருமுறை எழுதிவிட்டால் சரிபார்ப்பையும் ஆவணப் பக்கத்தையும் அதுவே செய்து கொடுக்கிறது. செயலி எழுதும் நண்பருக்கும் எனக்கும் இடையில் நடந்திருக்கக்கூடிய பாதித் தொலைபேசி அழைப்புகளை அந்த ஆவணப் பக்கமே மிச்சப்படுத்தியது. பாண்டாஸ் கணக்குகள் ஓடும் வழிகளை (செயலி கூப்பிடும் முகவரிகளுக்கான நிரல்களை) பைத்தானின் சாதாரண 'டெஃப்' (def) ஆகவே வைத்திருக்கிறேன். அப்படி வைத்தால் ஃபாஸ்ட்ஏபிஐ அவற்றைத் தனி இழைகளில், அதாவது ஒன்றையொன்று மறிக்காமல் பக்கம் பக்கமாக, ஓட்டும். 'அசிங்க் டெஃப்' (async def) என்று எழுதினால் ஒருவருடைய கனமான கணக்கு முடியும்வரை மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டி வரும்.

இன்னொன்று, புதிதாகப் பட்டியலிடப்பட்ட பங்குக்குப் போதிய விலை வரலாறு இருக்காது. அதன் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டால் பாண்டாஸ் 'நான்' (NaN, 'எண் அல்ல') என்ற வெற்று மதிப்பைத் தரும். பதில் போகும் தரவு வடிவமான ஜேசானில் (JSON) அப்படி ஒரு எண் கிடையாது, அதனால் பதில் போகாமல் சேவையகப் பிழையைக் குறிக்கும் 500தான் போகும். அந்த இடத்தில் மதிப்பு இல்லை என்று சொல்லும் 'நல்' (null) வைத்து, கூடவே 'விலை வரலாறு போதாது' என்று காரணத்தையும் தமிழில் அனுப்புகிறேன். பயனருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

அப்புறம் சந்தை. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

உலகம் முழுக்க வருடத்துக்கு 252 வர்த்தக நாட்கள் என்று வைத்துத்தான் தினசரி ஏற்ற இறக்கத்தை வருடக் கணக்காக மாற்றுவார்கள். நமக்குப் பௌர்ணமி தினப் போயா விடுமுறை மாதந்தோறும் வருகிறது. தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, வெசாக், தீபாவளி, ரமழான், நத்தார் எல்லாம் உண்டு. கொழும்பில் வர்த்தக நாட்கள் ஏறத்தாழ 240தான். 240க்குப் பதில் 252இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் ஏற்ற இறக்கம் சுமார் 2.5 சதவீதம் கூடுதலாகத் தெரியும். அது சிறிய பிழைதான். சந்தை மூடிய நாட்களுக்கு முந்தைய விலையை நிரப்பிவிடுவது அதைவிடப் பெரிய பிழை. 2020 மார்ச்சில் மூடிய சந்தை மே 11ஆம் திகதிதான் திறந்தது. 2022 ஏப்ரல் 18 முதல் 22 வரையும் மூடியிருந்தது. அந்த நாட்களை நிரப்பினால், நாடே தத்தளித்த காலத்தில் முதலீடு அசையாமல் அமைதியாக இருந்தது என்று ஏபிஐ சொல்லும். அதனால் விடுமுறை நாட்காட்டியை ஒவ்வொரு வருடமும் கையால் சரிபார்த்து ஏற்றுகிறேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தோட்டக் கம்பனிப் பங்குகள் மீது ஒரு பாசம் உண்டு. பெற்றோர் கொழுந்து பறித்த தோட்டத்தின் பங்கைப் பிள்ளை வாங்குவது சும்மா விஷயமில்லை, அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் அவற்றில் பல பங்குகள் நாள் முழுக்கச் சில நூறுதான் கைமாறும், சில நாள் ஒன்றுமே கைமாறாது. விலை நகராததால் தினசரிக் கணக்கில் அவை மிகவும் பத்திரமானவையாகத் தோன்றும், மற்றப் பங்குகளோடு தொடர்பே இல்லாதவை போலவும் தோன்றும். ஹாரி மார்கோவிட்ஸ் 1952இல் எழுதிய முறைப்படி உகந்த கலவையைத் தேடச் சொன்னால், கணினி அந்தக் கைமாறாத பங்கிலேயே காசைக் குவிக்கச் சொல்லும். அவசரத்துக்கு விற்கப் போனால் வாங்க ஆள் இருக்காது. ஆகவே எல்லாக் கணக்கையும் வார வருமானத்தில் செய்கிறேன். ஒரு பங்கு எத்தனை நாள் கைமாறியது என்ற எண்ணும் பதிலோடு கட்டாயம் போகும். 'உகந்த கலவை' வழியைப் பொதுப் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட்டேன். இவ்வளவு மெலிந்த சந்தையில் அதைக் காட்டுவது நல்லதல்ல என்பது என் உறுதியான கருத்து.

எடுத்த ஆபத்துக்கு ஏற்ற லாபம் வந்ததா என்று அளக்கும் ஷார்ப் விகிதத்துக்கு ஆபத்தில்லாத வட்டி வேண்டும். பல நூலகங்களில் அது ஒரே ஒரு நிலையான எண், சிலவற்றில் பூச்சியம். நம் நாட்டில் 2022 இறுதியில் 364 நாள் திறைசேரி உண்டியல் 30 சதவீதத்தை ஒட்டி வட்டி கொடுத்தது. 2025 நடுப்பகுதியில் அது 8 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. ஒரே எண்ணை வைத்து இந்த இரண்டு காலத்தையும் அளக்கவே முடியாது. மத்திய வங்கியின் வாராந்த ஏல வட்டியைத் திகதியோடு சேமித்து, அந்தந்தக் காலத்துக்கு அதையே கழிக்கிறேன். இப்படிச் செய்தபோது, 2023இல் பங்கில் நல்ல லாபம் கண்டதாக நினைத்த சிலருக்கு, உண்டியலில் போட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்பதும் பக்கத்திலேயே தெரிந்தது.

பங்குப் பிரிப்பையும் உரிமைப் பங்கு வழங்கலையும் (ஏற்கனவே பங்கு வைத்திருப்பவர்களுக்குப் புதுப் பங்கு விற்பதையும்) தனி அட்டவணையாக வைத்தே ஆக வேண்டும். ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ் 2024இல் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது. பழைய விலைகளைப் பத்தால் வகுக்காமல் விட்டால் ஒரே நாளில் 90 சதவீதம் விழுந்த மாதிரி வரைபடம் காட்டும். கைபேசியில் அதைப் பார்ப்பவருக்கு நெஞ்சடைத்துவிடும்.

வருமானத்தை எப்படிச் சொல்வது என்பதில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்தான் எனக்கு வழி காட்டினார். முதல் பதிப்பில் காலநிறை வருமானத்தைத்தான், அதாவது காசு எப்போது எவ்வளவு போனது என்பதைக் கணக்கில் எடுக்காத வருமானத்தைத்தான், பெரிதாகக் காட்டினோம். அவர் பார்த்துவிட்டு, "தம்பி, இது சரியாத்தான் இருக்கும். ஆனா நான் மாசா மாசம் போட்ட காசு வளர்ந்திருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

"சரி சேர், அதையே மேல கொண்டு வாறன்" என்றேன். சீட்டுக் கட்டுவது போல மாதாமாதம் சிறு தொகை போடுகிறவருக்கு எக்ஸ்ஐஆர்ஆர் (XIRR) என்ற வருட வருமான வீதம்தான் பொருத்தமான அளவு, ஏனென்றால் எந்தக் காசு எப்போது போனது என்பதை அது கணக்கில் எடுக்கிறது. இந்த வீதத்தைத் தேடிக் கண்டுபிடிக்க, ஓர் ஊகத்திலிருந்து தொடங்கும் நியூட்டன் முறையைவிட, மேல் எல்லை கீழ் எல்லை கொடுத்துத் தேடும் பிரென்ட் முறை நம்பகமானது. ஒழுங்கற்ற வைப்புகளில் நியூட்டன் முறை சில சமயம் எங்கேயோ ஓடிப்போய் விடை தராது. ஊழியர் சேமலாப நிதியையும் ஒரு சொத்தாகப் பதிய வழி வைத்திருக்கிறேன். ஊழியர் 8, தொழில் தருநர் 12 சதவீதம் என்று பல வருடம் சேர்ந்த அந்தப் பணம்தான் இங்கே பல குடும்பங்களின் பெரிய சேமிப்பு. அதை விட்டுவிட்டுப் பங்கை மட்டும் பார்த்தால், அந்தக் குடும்பம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்பது பிழையாகத் தெரியும்.

இனி சேவையகம். முதலில் ஓர் இலவச ஹோஸ்டிங் சேவையில் வைத்தோம். சற்று நேரம் யாரும் கூப்பிடாவிட்டால் அது தூங்கிவிடும், அடுத்தவருக்குப் பதில் வர ஒரு நிமிடம் போலாகும். மாலையில் ஒருமுறை மட்டும் திறந்து பார்க்கிற நம் ஆட்களுக்கு அது சரிவராது. வீட்டுக் கணினியில் வைப்பதும் யோசனையாக இருந்தது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மரம் விழுந்து கரண்ட் போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் சிங்கப்பூரில் ஒரு ஜிபி நினைவகத்துடன் ஒரு சிறிய லினக்ஸ் சேவையகம் எடுத்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனபோதும் ஏபிஐ தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு ஜிபிக்குள் பாண்டாஸை வைப்பதற்கு ஒழுங்கு வேண்டும். ஏபிஐயை ஓட்டும் உவிகார்ன் மென்பொருளின் ஒவ்வொரு வேலையாளும் (தனியாக ஓடும் ஒவ்வொரு பிரதியும்) பாண்டாஸைத் தனித்தனியாக நினைவகத்தில் ஏற்றும், ஆகவே இரண்டுக்கு மேல் வைப்பதில்லை. நினைவகம் போதாதபோது வட்டில் இடம் கொடுக்கும் ஸ்வாப்பும் கொஞ்சம் கொடுத்திருக்கிறேன். டோக்கர் படத்துக்கு (நிரலையும் அதற்குத் தேவையான எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய பொதிக்கு) பைத்தானின் 'ஸ்லிம்' என்ற சிறிய அடித்தளம் போதும். முக்கியமானது, படத்தை வீட்டில் கட்டி மேலே அனுப்பாதீர்கள். இங்கே பலருக்கும் மொபைல் டேட்டாதான். சில நூறு எம்பியை ஏற்ற இரவு டேட்டா தொடங்கும்வரை விழித்திருக்க வேண்டி வரும். நிரல் மாற்றங்களைப் பதிந்து அனுப்பும் கிட் (Git) மூலம் நிரலை மட்டும் அனுப்பினால் சில கேபிதான் போகும், படம் மேலேயே கட்டப்படும். டோக்கர் கோப்பில் நூலகப் பட்டியலை முதலில் பிரதி செய்து நிறுவிவிட்டு, நிரலைப் பிறகு பிரதி செய்யுங்கள். அப்போது ஒரு வரி மாற்றியதற்காக எல்லா நூலகமும் திரும்ப இறங்காது. ஏபிஐக்கு முன்னால், வெளியிலிருந்து வரும் அழைப்புகளை வாங்கும் கேடி (Caddy) என்ற மென்பொருள் நிற்கிறது. பாதுகாப்பான இணைப்புக்கான எச்டிடிபிஎஸ் சான்றிதழை அதுவே வாங்கிப் புதுப்பித்துக்கொள்கிறது, அந்தப் பக்கம் நான் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். சேவையகம் யூடிசியில் (UTC என்ற உலகப் பொது நேரத்தில்) ஓடும். சந்தை பிற்பகல் 2.30க்கு மூடுகிறது, யூடிசியில் அது காலை 9 மணி. விலை எடுக்கும் வேலையை மாலை வரை தள்ளி வைத்திருக்கிறேன், அன்றைய முடிவு விலைகள் உறுதியாக வெளிவந்த பிறகுதான் அது ஓடும்.

எஸ்கியூலைட்டைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இந்த அளவு வட்டத்துக்கு அது தாராளமாகப் போதும். தினமும் இரவில் அதன் 'பேக்கப்' கட்டளையால் ஒரு பிரதி எடுத்து வேறொரு இடத்துக்கு அனுப்பி, மாதம் ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து ஏபிஐயை எழுப்பிப் பார்க்கிறேன். யாருடைய பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அதில் கிடையாது, ஒரு குறியீடு மட்டும்தான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு காரணம். சிறிய ஊரில் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது வெளியே போகவே கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இப்போது வரிப் பகுதியில் வேலை நடக்கிறது. பங்கிலாபத்துக்கு 2023 தொடக்கத்திலிருந்து 15 சதவீதம் பிடிக்கப்படுகிறது. வட்டிக்கு 5 சதவீதமாக இருந்தது 2025 ஏப்ரல் 1 முதல் 10 ஆகிவிட்டது. ஒவ்வொரு வீதத்தையும் அது நடைமுறைக்கு வந்த திகதியோடு அட்டவணையில் வைத்து, பிடித்தம் போகக் கைக்கு வந்த வருமானத்தைத் தனி வரியாகக் காட்டும் பதிப்பை எங்கள் வட்டத்தில் சிலரிடம் மட்டும் கொடுத்திருக்கிறேன். வங்கி அறிக்கையோடு ஒவ்வொரு ரூபாயும் ஒத்து வந்த பிறகு மற்றவர்களுக்கும் திறந்துவிடுவேன்.