யூஎஸ்பி வயரா, வைஃபையா?

கொக்குவிலில் எங்கள் வீட்டுப் பிரின்டர் ஒருநாள் இரவு கணினியோடு கோபித்துக்கொண்டது. மகளின் ஒப்படையோ மறுநாள் காலை கொடுக்க வேண்டும். அன்றைக்கு இரண்டு வழியையும் பார்த்துவிட்டேன்.

வயரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சதுர முனை பிரின்டருக்கு, தட்டை முனை கணினிக்கு. வேலை செய்யாவிட்டால் போர்ட்டை மாற்றுங்கள், பிறகு வயரை மாற்றுங்கள். 5 மீற்றரைத் தாண்டிய வயர் வேண்டாம். வயரில் இணைத்த பிரின்டரை விண்டோஸ் புதிய பிரின்டராகச் சேர்க்கலாம். அச்சிடும்போது பழைய பெயரைத் தெரிவு செய்துவிட்டு 'வரவில்லையே' என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். (நான் இருந்தேன்.)

வைஃபைதான் தலையிடி. விலை குறைந்த பிரின்டர்கள் பலவும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸில் மட்டும் ஓடினால் அவற்றுக்கு அது தெரியவே தெரியாது. கணினி போன் ஹொட்ஸ்பொட்டிலும் பிரின்டர் வீட்டு ரவுட்டரிலும் இருந்தாலும் சந்திக்காது. அப்புறம் கரண்ட். போய் வந்தால் ரவுட்டர் பிரின்டருக்கு வேறு ஐபி முகவரி (வீட்டு வைஃபையில் அதைக் கண்டுபிடிக்க உதவும் எண்) கொடுத்துவிடலாம். கணினி பழைய கதவையே தட்டிவிட்டு 'ஆஃப்லைன்' என்று சொல்லும். எங்களுக்கு நடந்தது இதுதான். ரவுட்டர் அமைப்பில் பிரின்டருக்கென்று ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கியபின் தொல்லை இல்லை.

வீட்டில் ஒரே கணினி என்றால் நான் வயரைத்தான் சொல்வேன். நாலு பேர் போனிலிருந்து பிரின்ட் எடுப்பார்கள் என்றால், சரி, வைஃபையோடு மல்லுக்கட்டலாம். ஒப்படை அன்றிரவு வயரில்தான் வந்தது.