தண்ணீர்த் தொட்டிக்கு இரண்டு பாக பாலிமர் சிமெண்ட் கோட்டிங்: எங்கே நிற்கும், எங்கே உரியும்

பவுடர் ஒரு பை, அக்ரிலிக் திரவம் ஒரு கேன் என்று வரும் இந்தக் கோட்டிங், கான்கிரீட் தொட்டியின் உட்புறத்துக்கு நல்ல தேர்வு. காய்ந்த பிறகும் கொஞ்சம் இழுபடும் தன்மை இருப்பதால் மயிரிழை விரிசல்களைத் தாங்கும். குடிநீர்த் தொட்டி என்றால், குடிநீரில் படும் பொருட்களுக்கான பிஎஸ் 6920 அல்லது என்எஸ்எஃப் 61 சான்று பையில் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். தார் கலந்த பூச்சு எதுவும் உள்ளே வேண்டாம்.

இது உரிந்தால் பெரும்பாலும் குற்றம் பூசும் முன் பரப்பைத் தயார் செய்ததில்தான். பாசி, பழைய சுண்ணாம்பு, மேலே படிந்த சிமெண்ட் பால் எல்லாவற்றையும் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டி எடுக்க வேண்டும். சல்லி தெரியும் ஓட்டைகளைக் கொத்தி, காயும்போது சுருங்காத அடைப்புக் கலவை (கிரவுட்) வைத்து அடைக்க வேண்டும். கசிவு முதலில் தலைகாட்டும் இடம் தளமும் சுவரும் சேரும் மூலை. அங்கே 40–50 மி.மீ. சாய்வாகக் கலவை வைத்து உருட்டிவிட்டு, முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் வலையைப் பதிக்க வேண்டும். பைப் நுழையும் இடங்களைச் சுற்றியும் இதே வேலைதான்.

பூசும் முன் சுவரை நனையுங்கள். ஆனால் தண்ணீர் தேங்கியோ மினுங்கியோ நிற்கக் கூடாது. காய்ந்த சுவர் கலவையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் பூச்சு பொடியாகும். கெட்டியாக இருக்கிறதே என்று கலவையில் தண்ணீர் ஊற்றினால் அந்தப் பை வீண்.

இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக. 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரத் தொட்டியில் சுவர் 12, தளம் 4, மொத்தம் 16 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு இரண்டு கோட்டும் சேர்த்து 2 கிலோ என்று வைத்தால் 32 கிலோ வேண்டும். 20 கிலோவில் முடித்துத் தருகிறேன் என்பவர் பூசுவது வெறும் பெயிண்ட் கனம்தான்.

பலரும் கவனிக்காதது பூச்சைக் காயவிடுவது. மூடிய சம்ப்பில் ஈரக்காற்று வெளியேறாவிட்டால் பாலிமர் படலமாகச் சேராது; தண்ணீர் விட்டதும் பால் நிறத்தில் கரையும். மூடியைத் திறந்து, ஃபேன் வைத்து, 7 நாள் விட வேண்டும். முதலில் நிரப்பும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். உள்ளே ஆள் இறங்கும்போது வெளியே இன்னொருவர் நின்றே ஆக வேண்டும்.

நிலத்தடி நீர் வெளியிலிருந்து உள்ளே ஊறும் சம்ப்புக்கு மட்டும் இதை வாங்காதீர்கள். பின்னாலிருந்து தள்ளும் நீர் பூச்சைக் கொப்புளமாக்கிப் பிரித்துவிடும். அங்கே கான்கிரீட்டின் துளைகளுக்குள் புகுந்து படிகமாகும் கிரிஸ்டலைன் பூச்சுதான் சரி.