பனிப்புயல் நேரத்தில் 'முழு செட்' ஜெனரேட்டர் வாங்கி ஏமாறாதீர்கள்

பனிப்புயல் அறிவிப்பு வந்தால் போதும், இந்த விளம்பரமும் வந்துவிடும்: ஜெனரேட்டர், வயர், கார்பன் மோனாக்சைடு (ஜெனரேட்டர் புகையில் இருக்கும், மணமில்லாத நச்சு வாயு) அலாரம் மூன்றும் சேர்ந்த 'முழு செட்', இன்றே டெலிவரி. அப்படி வாங்கிய ஒரு குடும்பத்தின் பெட்டியைப் பிரித்தால் மூன்றிலும் வில்லங்கம். விற்றவர் இப்போது போனையே எடுப்பதில்லை.

முதலில் வயர், ஏனென்றால் அது தொட்ட நொடியிலேயே ஆளைக் கொல்லக்கூடியது. இரண்டு முனையிலும் பின் நீட்டிக்கொண்டிருக்கும் பிளக். "ஒரு முனையை ஜெனரேட்டரில் செருகுங்கள், மறுமுனையைச் சுவர் சாக்கெட்டில் செருகுங்கள், வீடு முழுக்க கரண்ட் வரும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வரும்தான். ஆனால் ஒரு முனை கழன்று விழுந்தால் அந்தப் பின்கள் மூடாமல், மின்சாரம் பாய்ந்தபடியே கிடக்கும். குழந்தை தொட்டால் முடிந்தது. மெயினை அணைக்க மறந்தால் மின்சாரம் தெருப்பக்கம் திரும்பி ஓடும். அங்குள்ள டிரான்ஸ்ஃபார்மர் அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திவிடும். லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய ஊழியர்தான் பலியாவார். தெரு லைனில் மின்சாரம் மீண்டும் வரும் நொடியில் ஜெனரேட்டரும் எரியலாம். வீட்டு வயரிங்கோடு இணைக்க வேண்டுமானால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் பொருத்திய டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் அல்லது இன்டர்லாக் வேண்டும் (தெரு மின்சாரமும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் இணையாமல் தடுப்பவை இவை). இல்லையென்றால் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி எக்ஸ்டென்ஷன் வயர் போதும்: வெளிப்புற உபயோகத்துக்கானது, 2.5 சதுர மி.மீ. செம்பு.

செம்பு என்று சொல்லி, செம்புப் பூச்சுள்ள அலுமினியத்தை விற்பதும் நடக்கிறது. இழையின் நுனியைக் கத்தியால் சுரண்டுங்கள். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம். (வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு, அது நல்ல சரக்கு.) எதுவானாலும் சுருட்டி வைத்தபடியே லோடு கொடுக்காதீர்கள், சூடேறி உறை உருகும்.

அடுத்து வாட் கணக்கு. பெட்டியில் கொட்டை எழுத்தில் 5000. மெஷினில் ஒட்டிய தகட்டில் பொடி எழுத்தில் 4000. 5000 என்பது மோட்டார் கிளம்பும் சில நொடிக்கான உச்சம். மணிக்கணக்கில் ஓட்ட முடிவது 4000தான். இரண்டு ரூம் ஹீட்டர் 3000, ஃபர்னஸ் ப்ளோயர் (வீட்டுக்குள் சூடான காற்றை ஊதும் விசிறி) 600, ஃபிரிட்ஜ் 200 என்று வைத்தால் கூட்டினால் 3800, சரியாகத்தான் தெரியும். ஆனால் ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் கிளம்பும்போது ஓடும் அளவைப் போலப் பல மடங்கு இழுக்கும். வோல்டேஜ் சரியும், கம்ப்ரஸர் சுற்றாமல் 'ம்ம்ம்' என்று முனகிச் சூடாகும், அதன் மோட்டார் காயில் எரிந்துபோகும். ஜெனரேட்டரில் ரூம் ஹீட்டரே வேண்டாம். ப்ளோயரையும் ஃபிரிட்ஜையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்புங்கள். தகட்டு அளவில் முக்கால் பங்குக்கு மேல் போகாதீர்கள்.

அலாரத்தில்தான் ஏமாற்று நன்றாக ஒளிந்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் கத்துகிறது, வாங்கியவர் திருப்தியாகிவிடுகிறார். அந்தப் பொத்தான் பஸ்ஸரையும் பேட்டரியையும்தான் சோதிக்கும். வாயுவை உணரும் சென்சார் செத்திருந்தாலும் கத்தும். அட்டைப்பெட்டியை நம்பாமல் கருவியின் முதுகைப் பாருங்கள்: யூஎல் 2034 அல்லது ஈஎன் 50291 என்ற தர எண்ணும், தயாரித்த தேதியும், எப்போது மாற்ற வேண்டும் என்பதும் அச்சாகியிருக்க வேண்டும். இந்த செட்டில் வந்ததன் முதுகு வழவழவென்று காலி. நல்ல அலாரம் இருந்தாலும் ஜெனரேட்டர் கராஜுக்குள் கூடாது, கதவைத் திறந்து வைத்தாலும் கூடாது. வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசையில் இருக்கட்டும்.

புது மெஷின் பெரும்பாலும் ஆயில் இல்லாமலேதான் வரும். கையேடு அனுமதித்தால் குளிருக்கு 5டபிள்யூ-30 என்ற, குளிரிலும் இளகி ஓடும் ஆயிலை ஊற்றுங்கள். கெட்டியான ஆயிலில் ஸ்டார்ட்டர் கயிறே இழுபடாது.

டெலிவரி வந்த அன்றே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், ஃபிரிட்ஜையும் ப்ளோயரையும் மாட்டி அரை மணி நேரம் ஓட்டுங்கள். தகட்டையும் விளம்பரத்தையும் படம் எடுத்து வையுங்கள், பணத்தைத் திரும்பக் கேட்க அதுதான் ஆதாரம். இரட்டைப் பிளக் வயரைப் படம் எடுத்தபின் இரண்டு முனையையும் வெட்டிக் குப்பையில் போடுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.