46,000 ரூபாய் போச்சு: தீவுப் பயணத்துக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 46,000 ரூபாய். அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்துக் கட்டிய பணம்.

ரீல்ஸ் போட்டு ஆள் சேர்க்கும் வரலாற்றுச் சுற்றுலாப் பக்கம் அது. சென்னையிலிருந்து விமானத்தில் யாழ்ப்பாணம், அங்கிருந்து குறிகாட்டுவான் போய்ப் படகேறி நயினாதீவு, நெடுந்தீவு. அம்மாவுக்கு நயினாதீவு நாகபூசணி அம்மனைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். எனக்கு நெடுந்தீவில் பவளக்கல்லால் கட்டிய பழைய கோட்டை.

நம்பிக்கை வந்தது அந்தப் பக்கத்துத் தம்பி ஒருவனோடு பேசிய போன் பேச்சில். அந்த அம்மன் கோயிலில் இலங்கை அரசன் முதலாம் பராக்கிரமபாகுவின் 12-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்தத் தம்பி அப்படியே சொன்னான். பக்கத்துத் துறைமுகமான ஊர்காவற்றுறைக்கு வரும் வெளிநாட்டு வணிகர்களைக் காக்க வேண்டும். யானை, குதிரை ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவருக்கு. சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. "உங்களை மாதிரி ஆர்வமா கேக்கறவங்க கம்மிக்கா" என்றான். இவ்வளவு தெரிந்தவன் மீது யாருக்குச் சந்தேகம் வரும்? டிக்கெட்டும் அனுப்பினான். விமான நிறுவனத்தின் தளத்தில் பார்த்தேன், உறுதி என்றே காட்டியது. மீதிப் பணத்தையும் அன்றே போட்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் செக்-இன் செய்யப் போனால் டிக்கெட் ரத்து. விமான நிறுவனத்தில் கேட்டேன். பதிவு செய்த முகவரே ரத்து செய்துவிட்டாராம், பணமும் அவர் கணக்குக்கே திரும்பிவிட்டதாம்.

அவனைக் கேட்டால் முதலில் "சிஸ்டம் ப்ராப்ளம்க்கா". அப்புறம் "கடல் சரியில்லை, படகை நிறுத்திட்டாங்க". யாழ்ப்பாணத்தில் நாங்கள் தங்குவதாக இருந்த விடுதிக்கே போன் போட்டேன். "படகு ஓடுது பிள்ளை, உங்கட பேரில அறை ஒண்டும் போடேல்லையே" என்றார் அந்தப் பெரியவர். அதைச் சொன்னதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டால் வேறொரு பெண் எடுத்து, "ரத்து பண்ணா பணம் திரும்பக் கிடையாதுன்னு விதிமுறையில இருக்கு மேடம்" என்கிறாள். ரத்து செய்தது நாங்களா?

எண்ணூறு வருஷத்துக்கு முன் கடலில் உடைந்த கப்பலின் சரக்கிலேயே பாதியை உடையவருக்குக் கொடு என்று கல்லில் வெட்டி வைத்தான் ஒரு ராஜா. அதை எனக்குச் சொல்லிக்காட்டியவன் 46,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. அம்மா பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. விமான டிக்கெட்டை நீங்களே போடுங்கள். விடுதிக்கு நேராகப் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், நான் செய்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் இன்று காலைகூட அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள். இப்படி எங்காவது கட்டியிருந்தால் உங்கள் பி.என்.ஆர். (டிக்கெட் பதிவு எண்) இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.