மூன்றாவது கேசட்: மொக்கைப் படங்களோடு ஒரு நெடுநாள் அனுபவம்

மிக்ஸியையோ கைப்பேசியையோ வாங்கிச் சில மாதங்கள் பயன்படுத்திவிட்டு அதன் நிறைகுறைகளை எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மோசமானவை என்று தெரிந்தே உட்கார்ந்து பார்த்து, முடிந்தபின் மன நிறைவோடு எழுந்து போகிற தமிழ்ப் படங்களுக்கும் அப்படி ஒரு குறிப்பு வேண்டும் என்று எனக்கு நீண்ட நாள் எண்ணம். வீடியோ டெக் வாடகைக்குக் கிடைத்த காலத்தில் தொற்றிய இந்தப் பழக்கம், உள்ளூர் கேபிள்காரர் நள்ளிரவில் போட்ட படங்கள், பேருந்து நிலையத்து விசிடி கடை என்று வளர்ந்து, இன்று யூடியூபில் வந்து நிற்கிறது. ஆகவே இவற்றில் எது நாள்பட உழைக்கும், எது ஓரிரு தடவையிலேயே தேய்ந்துபோகும் என்று சொல்லும் தகுதி எனக்கு ஓரளவு உண்டு. ஒரு வரையறையை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சலிப்பூட்டும் படத்தைப் பற்றி இங்கே பேச்சில்லை. சலிப்பில் ரசிக்க எதுவும் கிடையாது. தன் கைக்கு எட்டாத ஒன்றை எட்டிப் பிடிக்க முயன்று, அத்தனை பேர் கண் முன்னாலும் தவறி விழுகிற படமே நான் சொல்லும் மொக்கைப் படம்.

காவிரிப் படுகையில் இவை எங்களை வந்து சேர்ந்த வழியே தனி. சம்பா அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாசி, பங்குனி மாதங்களில் ஊருக்கு ஊர் மாரியம்மன் கோயில் திருவிழா தொடங்கிவிடும். காப்புக் கட்டிய பிறகு ஏதாவது ஒரு தெருவில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்து விடிய விடியப் படம் போடுவார்கள். முதல் படம் பக்திப் படமாக இருக்க வேண்டும் என்பது பெரியவர்களின் கட்டளை. இரண்டாவது யாருடைய படம் என்பதில் இளவட்டங்களுக்குள் சட்டையைப் பிடிக்கும் அளவுக்குச் சண்டை வரும். மூன்றாவது படத்தை மட்டும் யாரும் தேர்ந்தெடுத்ததே இல்லை. இரண்டு கேசட்டுக்குக் காசு கொடுத்தால் கடைக்காரர் தானாகவே இன்னொன்றையும் பையில் போட்டு அனுப்புவார். வேறு எவரும் கேட்டு வாங்காததால் கடையிலேயே தூங்கிக்கொண்டிருந்த கேசட் அது. ஊரில் பாதி பேர் பாயிலேயே உறங்கிப்போன பிறகு, டெக்கின் ஹெட்டை வெள்ளைத் தாளால் துடைத்துவிட்டு அதைச் செருகுவார்கள். திரையின் அடியில் கோடுகள் ஓடிக்கொண்டே இருக்கும். என் ரசனையின் பெரும்பகுதி அந்த மூன்றாவது கேசட்டில் உருவானது என்பதைச் சொல்ல எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

அதில் அடிக்கடி வந்தவர் இயக்குநர் பி. விட்டலாச்சார்யா. தெலுங்கில் எடுக்கப்பட்டுத் தமிழ் பேசி வந்த அவருடைய மாயாஜாலப் படங்களில் 1978இல் வெளிவந்த 'ஜகன்மோகினி' எல்லோரும் அறிந்தது. அதில் சமைக்க உட்காரும் பேய், விறகு வைப்பதற்குப் பதிலாகத் தன் காலையே அடுப்புக்குள் நீட்டி எரிக்கும். அந்தத் தந்திரத்தை எப்படிச் செய்திருப்பார்கள் என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் விளக்கிவிடும். ஆனால் பேய்க்கும் எரிபொருள் தட்டுப்பாடு உண்டு என்று ஒருவர் யோசித்திருக்கிறாரே, அந்த யோசனைக்கு எந்தச் செலவும் இல்லை, அது பழசாவதும் இல்லை. ஐப்பசி அடைமழையில் நனைந்த விறகோடு மல்லுக்கட்டிய எங்கள் தெருப் பெண்கள் அந்தக் காட்சியில் பயப்படவில்லை. கொஞ்சம் பொறாமையோடு சிரித்தார்கள் என்றே நினைக்கிறேன்.

அவருடைய தந்திரங்களில் பல கேமராவுக்குள்ளேயே செய்யப்பட்டவை. ஆளை மறைய வைக்க வேண்டுமானால் கேமராவை நிறுத்தி, அவரை அப்புறப்படுத்திவிட்டு, மறுபடி ஓட விடுவார்கள். இந்த இடைவெளியில் பக்கத்தில் நின்றவர் அசையாமல் நிற்க முயன்றும் அவருடைய கை ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். பின்னாலிருக்கும் மரத்தின் நிழல் கொஞ்சம் தாவியிருக்கும். பழகிய கண் மந்திரவாதியைப் பார்க்காது, அந்தக் கையைத்தான் பார்க்கும். பகலில் எடுத்து நீல நிறம் ஏற்றி இரவாக்கிய காட்சியிலும் இப்படித்தான்: நடுநிசி என்று கதாநாயகி நடுங்குவாள், அவள் காலடியில் உச்சிவெயிலின் நிழல் கரேலென்று விழுந்து கிடக்கும். ஒரே படத்தைப் பத்தாவது முறை பார்க்கும்போதும் புதிதாக ஏதாவது அகப்படும் என்பது இவ்வகைப் படங்களின் முதல் நிறை. நன்றாக எடுக்கப்பட்ட படம் தன் தையலை மறைத்துவிடுகிறது. இவற்றில் தையல் முழுவதும் வெளியே தெரிவதால், சினிமா எப்படிச் செய்யப்படுகிறது என்பதை நான் இவற்றிடம்தான் கற்றேன். கால்ஷீட்டில் தகராறு செய்யும் நடிகரை விட்டலாச்சார்யா கதையிலேயே சாபம் கொடுத்து ஆடாகவோ கிளியாகவோ மாற்றிவிட்டுப் படப்பிடிப்பைத் தொடர்வார் என்று ஒரு கதை டீக்கடைகளில் நெடுங்காலமாக உலவுகிறது. உண்மையோ பொய்யோ, அந்தப் படங்களின் திரைக்கதையை அதைவிட நன்றாக விளக்கும் கோட்பாட்டை நான் எங்கும் படித்ததில்லை.

அடுத்தவர் இராம. நாராயணன். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கி 2014இல் மறைந்த அவர், விலங்குகளுக்கு முக்கிய வேடம் கொடுத்தே பல ஆண்டுகள் தியேட்டர்களை நிரப்பினார். 1990இல் மட்டும் 'ஆடி வெள்ளி', 'துர்கா' என்று இரண்டு பெரிய வெற்றிகள். இப்படங்களில் மனிதர்கள் நடிப்பது பெரும்பாலும் மிகை. ஆனால் யானை மிகையாக நடிப்பதில்லை. வில்லனின் ஆட்கள் நால்வர் காற்றில் பறந்து வைக்கோற்போரில் விழும்போதும் அது காதை ஆட்டிக்கொண்டு தன் பாட்டுக்கு நிற்கும். எவ்வளவு மோசமான வசனத்துக்கு நடுவிலும் ஒரு நிஜமான உயிர் நின்றுகொண்டிருப்பது அந்தச் சட்டகத்துக்கு எப்படியோ ஒரு கனத்தைக் கொடுத்துவிடுகிறது. காட்சிக்குப் பயன்படுத்தும் விலங்குகளைப் பதிவு செய்வதற்கான விதிகள் 2001இல் வந்து, விலங்கு நல வாரியத்தின் அனுமதி இல்லாமல் தணிக்கைச் சான்று கிடைக்காது என்று ஆன பின்னர், பாம்புகள் கணினியில் பிறக்கத் தொடங்கின. விலங்குகளின் நலனுக்கு அந்த விதி தேவை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு ரசிகனாகச் சொல்ல வேண்டுமென்றால், மலிவான கணினிப் பாம்பு தரும் இன்பம் ஒருமுறைக்கு மேல் தாங்குவதில்லை. அது மோசமாக இருக்கிறது, அவ்வளவுதான். அங்கே யாரும் முயன்று தோற்றதாகத் தெரிவதில்லை.

1970களின் தொடக்கத்தில் கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த கௌபாய் படங்களையும் நன்கு உழைத்தவற்றின் வரிசையில் சேர்க்கலாம். குதிரையும் தொப்பியும் துப்பாக்கியும் அமெரிக்கா, பாசமும் பழிவாங்கலும் தமிழ்நாடு. சுற்றிலும் சேறும் நாற்றங்காலுமாகக் கிடக்கும் எங்கள் ஊரில் அந்தப் புழுதிக்கே ஒரு கவர்ச்சி இருந்தது. மயிலாடுதுறைக்காரரான டி. ராஜேந்தரின் அடுக்குமொழிப் படங்களை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. எங்கள் பக்கத்தில் அதற்கு யாரும் ஒப்ப மாட்டார்கள், நானும் ஒப்பவில்லை.

குறை தெரிந்த பிறகும் ஏன் பிடிக்கிறது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த நல்ல விடை தொல்காப்பியத்தில், உணர்ச்சிகள் வெளிப்படும் விதத்தைப் பேசும் மெய்ப்பாட்டியலில் இருக்கிறது. நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்கிறார் தொல்காப்பியர்: எள்ளல் (ஏளனம்), இளமை, பேதைமை (அறியாமை), மடன். மோசமான படத்தைப் பார்த்துச் சிரிப்பதெல்லாம் எள்ளல் என்று பொதுவாக எண்ணுகிறோம். தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும். அத்தை மகன்கள் கூடி உட்கார்ந்து ஒவ்வொரு காட்சிக்கும் நக்கல் அடிக்கும்போது சிரிப்பவன் திரையைவிட உயரத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் அந்தச் சிரிப்பு இடைவேளையைத் தாண்டுவதே கடினம், மறுமுறை பார்க்கும்போது முற்றிலும் வற்றிவிடும். ஆண்டுகள் கடந்தும் ஒரு படத்தை என்னிடம் நிலைநிறுத்தியது அதன் பேதைமைதான். அட்டைக் கோட்டையை உண்மையான கோட்டை என்று நம்பிக் கதாநாயகன் அதன் மதிலில் முட்டுகிறான், மதில் லேசாக ஆடுகிறது, அவன் முகத்தில் உள்ள ரோஷம் மட்டும் சிறிதும் ஆடுவதில்லை. குழந்தையின் மழலையைக் கேட்டு வரும் சிரிப்புக்கு அது மிக அருகில் உள்ளது. அதில் ஏளனத்தைக் காட்டிலும் பரிவு கூடுதல். வேண்டுமென்றே மோசமாக எடுத்துவிட்டு, 'பாருங்கள், நாங்களே எங்களைக் கிண்டல் செய்துகொள்கிறோம்' என்று கண்சிமிட்டும் படங்கள் என்னிடம் உழைக்காமல் போனதற்கும் இதுவே காரணம். அவற்றில் பேதைமை இல்லை, சாமர்த்தியம்தான் இருக்கிறது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே என் அப்பாயி வேறு விதமாகச் சொல்லிவிட்டார். ஓர் அம்மன் படத்தின் உச்சக்கட்டத்தில், கழுத்தில் எலுமிச்சை மாலையோடு அம்மன் நாக்கை நீட்டி வெளிப்படும்போது நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அப்பாயி கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த நாக்கு ரப்பர் நாக்கு என்று ஒருவன் எடுத்துச் சொன்னான். "அது எனக்குத் தெரியாதாடா? வேஷம் கட்டுறவன் கொட்டாயிக்குப் பின்னாடி பீடி குடிக்கிறதப் பாத்துட்டுத்தான் வந்து உக்கார்றோம். அதுக்காக மேடையில வந்து நிக்கிறப்ப கும்புடாம இருப்போமா? சும்மா பாரு" என்றார். தஞ்சாவூர் மாவட்டத்து மெலட்டூரில் பாகவத மேளா என்னும் நாட்டிய நாடகத்தில் பிரகலாத சரித்திரம் நடக்கும்போது நரசிம்ம முகமூடிக்குப் பூசை செய்கிறார்கள், அதை அணிபவர் விரதம் இருக்கிறார். முகமூடிக்குள் இருப்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது அங்கே அமர்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும், இருந்தும் அவர் சீறி வரும்போது உடல் சிலிர்க்கத்தான் செய்கிறது. பொய் என்று அறிந்துகொண்டே அதற்குள் இறங்குவது எங்கள் வட்டாரத்துக்குப் பழைய பயிற்சி என்பதால், மொக்கைப் படம் பார்க்கத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கட்டுரையில், குப்பைப் படங்களை விரும்பிப் பார்ப்பவர்கள் சராசரியைவிடக் கூடுதலாகப் படித்தவர்கள், உயர்ந்த கலைகளிலும் நாட்டம் உள்ளவர்கள் என்று கண்டிருக்கிறார்கள். இதை என் அத்தானிடம் சொன்னபோது, அப்பாயியைக் கேட்டிருந்தால் கணக்கு மாறியிருக்கும் என்றார்.

குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை ஒன்று உண்டு, அதை ரசனையின் பெயரால் மூடிமறைக்கக் கூடாது. அட்டைக் கோட்டையை மன்னிப்பதுபோல் எல்லாவற்றையும் மன்னிக்க முடிவதில்லை. பெண்ணைக் கெடுத்தவனுக்கே அவளைக் கட்டிவைத்துப் பஞ்சாயத்து கலையும் கதைகள், கறுத்த நிறத்தையும் ஊனத்தையும் வைத்து நகைச்சுவை செய்யும் தனி டிராக்குகள் ஆகியவை பழைய கேசட்டுகளில் தாராளமாகக் கிடைக்கும். இவற்றில் முயற்சியின் தோல்வி எதுவும் இல்லை. நினைத்ததைச் சரியாகவே எடுத்திருக்கிறார்கள், நினைத்ததுதான் மோசம். சிறு வயதில் இவற்றையும் சேர்த்தே பார்த்தோம். இப்போது அந்த இடம் வந்ததும் நிறுத்திவிடுகிறேன், ஓட்டிவிட்டு மேலே பார்ப்பதுகூட இல்லை. வீட்டில் பெண் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க விரும்புவோர் முன்கூட்டியே தனியாக ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பெரும் பணத்தில் எடுக்கப்பட்டுப் படுத்துப்போன நட்சத்திரப் படங்களும் இந்தப் பயன்பாட்டுக்கு ஒத்துவரவில்லை. அவற்றின் தவறுகளில் ஒரு விதமான பாதுகாப்பு இருக்கிறது. ஏற்கெனவே ஓடிய எதையோ திரும்பச் செய்து தோற்றவை அவை.

இன்னொரு சிக்கல் புதியது. மோசமான காட்சியைப் பத்து நொடிக்கு வெட்டிக் கைப்பேசியில் அனுப்பும் வழக்கம் வந்தபிறகு பலருக்கு அந்தத் துண்டே போதும் என்றாகிவிட்டது. மொக்கைப் படத்துக்கு நேரம் வேண்டும். அண்ணனும் தங்கையும் பிரிந்த காரணம், கோயில் மணியின் ரகசியம், காமெடியனின் மாமியார் என்று இரண்டரை மணி நேரமும் சுமந்து வந்தால்தான் கடைசியில் குரங்கு நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்கும்போது அது நமக்கு நியாயமாகவே தோன்றும். துண்டாக வருவதில் எள்ளல் மட்டுமே மிஞ்சும், அது எவ்வளவு சீக்கிரம் வற்றும் என்று மேலே சொன்னேன். தெளிவான பிரதிகள் யூடியூபில் வந்திருப்பதை மட்டும் முழு மனதோடு வரவேற்கிறேன். கேசட்டில் கோடுகளுக்குள் ஒளிந்திருந்த கம்பிகளும் கயிறுகளும் இப்போது துலக்கமாகத் தெரிகின்றன.

தனியாகப் பார்க்க வேண்டாம். நான்கைந்து பேர் சேருங்கள். அதில் ஒருவராவது படத்தை உண்மையாகவே நம்பிப் பார்க்கும் வயதானவராகவோ குழந்தையாகவோ இருந்தால் நல்லது. முதல் தடவை பார்ப்பவர்கள் 'ஜகன்மோகினி'யிலிருந்து தொடங்கலாம். அதே பெயரில் 2009இல் வந்த மறு ஆக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு உட்காருங்கள். பாட்டு வரும்போது எழுந்துபோய் டீ போட்டுக் கொண்டுவர நேரம் சரியாக இருக்கும்.