பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் ஏழு இரவுகள்: வாடகைப் படகின் நீர் விளையாட்டுப் பொருள்களும் விதிகளும்

சென்ற மார்ச் மாதம் இரண்டு குடும்பங்களாக எட்டுப் பேர், அவர்களில் நால்வர் பிள்ளைகள், கரீபியன் கடலிலுள்ள இந்தத் தீவுகளில் ஒன்றான டோர்ட்டோலாவிலிருந்து புறப்படும் ஒரு கட்டமரான் படகை ஏழு இரவுகளுக்கு வாடகைக்கு எடுத்தோம். நம் கட்டுமரத்திலிருந்து பெயர் பெற்ற இந்த வகைப் படகில் இரண்டு அடிப்பாகங்கள் இணைந்திருப்பதால் ஆட்டம் குறைவு. பின்புறப் படிகள் நீர்மட்டம் வரை இறங்குவதால் பிள்ளைகள் கடலில் இறங்கவும் ஏறவும் எளிது. கேப்டனும் சமையற்காரரும் உடன் வந்தார்கள். சாப்பாட்டையும் அறைகளையும் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள், இரண்டும் நன்றாகவே இருந்தன. நாங்கள் இந்தப் படகைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் விளம்பரத்திலிருந்த நீர் விளையாட்டுப் பொருள்களின் பட்டியல்தான் என்பதால், அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நின்றபடி துடுப்பிடும் இரண்டு பேடில் போர்டுகள், இருவர் அமர்ந்து துடுப்பிடும் ஒரு கயாக், டிங்கி எனப்படும் சிறு இயந்திரப் படகின் பின்னால் இழுத்துச் செல்லும் ஒரு காற்று ட்யூப், நீருக்கடியில் இழுபட்டுச் செல்வதற்கான ஒரு சப்விங், கையால் பிடித்தால் நீரில் நம்மை இழுத்துச் செல்லும் ஒரு சீபாப் இயந்திரம், படுத்து மிதப்பதற்கான பெரிய நுரைப்பாய், எல்லோருக்கும் நீர்க்கண்ணாடி, மூச்சுக்குழல், துடுப்புக் காலணிகள் என்று பட்டியலில் இருந்தவை அனைத்தும் படகிலும் இருந்தன. ட்யூபின் வால்வு மட்டும் காற்றைக் கசியவிட்டதால், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடத்துக்கொரு தரம் நிறுத்திக் காற்றடிக்க வேண்டியிருந்தது. கண்ணாடிகளில் பிள்ளைகளுக்கேற்ற சிறிய அளவு இரண்டே இருந்தன. பிள்ளைகளுடன் செல்பவர்கள் முகத்துக்குப் பொருந்தும் கண்ணாடியை வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது. பொருந்தாத கண்ணாடிக்குள் உப்புநீர் புகுந்தால் பவளப்பாறைக்கு மேல் மிதக்கும் குழந்தை முதலில் பயப்படும், பிறகு நீரில் இறங்கவே மறுத்துவிடும்.

முதல் மாலை நார்மன் தீவின் பைட் குடாவில் மிதவையில் படகைக் கட்டியதும், எந்தப் பொருளையும் இறக்குவதற்கு முன்பாகக் கேப்டன் எங்கள் எல்லோரையும் பின்தளத்தில் உட்காரவைத்து முக்கால் மணி நேரம் விதிகளை விளக்கினார். நீரில் இருக்கும் ஒவ்வொருவரையும் கவனிக்க மேலே ஒரு பெரியவர் இருக்க வேண்டும். பதினான்கு வயதுக்குக் கீழுள்ளவர்கள் போர்டிலும் கயாக்கிலும் உயிர்காப்பு அங்கியுடன் மட்டுமே செல்லலாம். மது அருந்தியவருக்கு அன்றைய நாள் முழுவதும் எந்தப் பொருளும் கிடையாது. சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பே எல்லாம் மேலே வந்துவிட வேண்டும். படகின் இயந்திரம் ஓடும்போது யாரும் பின்படியில் நிற்கக் கூடாது. விடுமுறைக்கு வந்த இடத்தில் பள்ளிக்கூட ஒழுங்கா என்று எங்களில் சிலர் முகம் சுளித்தது உண்மை.

மறுநாள் காலையே அந்த விதிகளின் காரணம் புரிந்தது. இந்தத் தீவுகளில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசுகிறது. பைட் குடாவின் வாயோ மேற்குப் பக்கமாகத் திறந்திருக்கிறது. குன்றுகள் மறைப்பதால் கரையோரம் நீர் கண்ணாடிபோல் அமைதியாகத் தெரியும், ஆனால் குன்றைத் தாண்டி இறங்கும் காற்று திடீர் திடீரென்று பலமாக அடித்து, போர்டில் நிற்பவரைக் குடாவின் வாய்க்குத் தள்ளிக்கொண்டு போகும். எங்கள் மைத்துனர் நல்ல நீச்சல்காரர்; காற்று முதுகைத் தள்ளியதால் துடுப்பிடுவது சுலபமாக இருக்கிறதென்று மகிழ்ந்து சென்றவர், திரும்ப முயன்றபோது ஓரடிகூட முன்னேற முடியாமல் நின்றார். கேப்டன் முந்தைய நாளே சொல்லியிருந்தபடி அவர் போர்டை விட்டு நீந்த முயலாமல், அதன்மேல் படுத்து, கணுக்காலில் கட்டிய கயிற்றைக் கழற்றாமல் ஒரு கையை உயர்த்தி அசைத்தார். தளத்தில் கவனித்துக்கொண்டிருந்த என் மனைவி சொன்னதும் டிங்கி சென்று அவரை அழைத்து வந்தது. முதலில் காற்றை எதிர்த்துத் துடுப்பிட்டுப் போய், களைத்தபின் காற்றோடு திரும்ப வேண்டும் என்ற எளிய பாடத்தை அதன்பின் யாரும் மறக்கவில்லை. போர்டு தரும் எந்த நிறுவனமும் இதைச் சொல்லாமல் அனுப்பக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இழுவை விளையாட்டுகளில் இந்தக் கேப்டன் இன்னும் கண்டிப்பானவர். டிங்கியை ஓட்டுபவர் தவிர, பின்னால் இழுபடுபவரையே பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் அதில் இருந்தாக வேண்டும். ஓட்டுபவரின் உடலோடு ஒரு சுருள் கயிறு இணைந்திருக்கும். அவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கப்பட்டு இயந்திரம் அந்த நொடியே நின்றுவிடும். ஓட்டுநர் இல்லாத டிங்கி நீரில் வட்டமடித்து, விழுந்தவரையே தன் சுழல்விசிறியால் வெட்டிய விபத்துகள் உலகின் பல இடங்களில் நடந்திருப்பதால்தான் இந்தக் கயிறு. கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டவும், கீழே என்றால் குறைக்கவும், தலையைத் தட்டினால் படகுக்குத் திரும்பவும், கழுத்தின் குறுக்கே கையை இழுத்தால் உடனே நிறுத்தவும் என்ற சைகைகளைப் பிள்ளைகள் ஒப்பித்த பிறகே ட்யூப் நீரில் இறங்கியது. மிதவைகளில் படகுகள் கட்டியிருக்கும் பகுதிக்குள் இழுவை அறவே கிடையாது. அங்கே டிங்கி மணிக்கு 5 கடல் மைலுக்கு மேல் செல்லவுமில்லை. அதனால் வர்ஜின் கோர்டா தீவின் நார்த் சவுண்டை அடையும் வரை ட்யூபுக்காகக் காத்திருந்தோம். பவளத்திட்டுகளும் தீவுகளும் சூழ்ந்து அலையைத் தடுக்கும் அந்த அகன்ற நீர்ப்பரப்பில் பிள்ளைகள் பெற்ற மகிழ்ச்சிக்கு அந்தக் காத்திருப்பு தகும்.

சப்விங் நார்வேயில் உருவான பொருள். கையால் பிடிக்கும் இரண்டு சிறகுகளைச் சாய்த்து, டிங்கியின் பின்னால் நீருக்கடியில் பறப்பதுபோல் செல்லலாம். இதை மணிக்கு 2 முதல் 4 கடல் மைல் வேகத்துக்குள் மட்டுமே இழுக்க வேண்டும், இறங்கும்போதே மூக்கைப் பிடித்துக் காதின் அழுத்தத்தைச் சமன்செய்ய வேண்டும். சளி பிடித்திருந்த என் மகளுக்குக் கேப்டன் அனுமதி மறுத்தார். அவள் அழுதாள்; அவர் செய்ததே சரி.

பட்டியலில் எங்களை மிகவும் கவர்ந்தது மின்கலத்தில் இயங்கும் சீபாப். ஏறத்தாழ 35 கிலோ எடையுள்ள அதை நீரில் இறக்கவே இரண்டு பேர் தேவைப்பட்டது. பதினாறு வயதுக்குக் கீழ் அனுமதியில்லை என்பதும், சேதமானால் முழுப் பொறுப்பும் வாடகைக்கு எடுத்தவருடையது என்று தனியாகக் கையெழுத்திட வேண்டும் என்பதும் படகில் ஏறிய பிறகே எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் பிள்ளைகளில் மூத்தவனுக்குப் பதினைந்து வயது.

தேசியப் பூங்காப் பகுதிகளில் இந்தப் பொருள்களுக்குப் பெரும்பாலும் வேலையில்லை என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. பூங்கா எல்லைக்குள் நீர்ச்சறுக்கும் ஜெட் ஸ்கீயும் தடைசெய்யப்பட்டவை. பவளத்தைக் காக்க நங்கூரத்துக்குப் பதிலாக மிதவைகள் வைத்திருக்கிறார்கள். அவற்றில் 90 நிமிடங்கள் மட்டுமே கட்டலாம். 1867 அக்டோபரில் சூறாவளியில் சிக்கி சால்ட் தீவருகே மூழ்கிய ரோன் என்ற அஞ்சல் கப்பலின் பின்பகுதி ஆழம் குறைந்த இடத்தில் கிடக்கிறது. கண்ணாடியும் மூச்சுக்குழலும் மட்டும் அணிந்து மேலிருந்தே அதன் சுழல்விசிறியைப் பார்த்தோம். பாத்ஸ் கடற்கரையின் பெரும் கருங்கற்பாறைகளிடையே சிவப்புக்கொடி ஏறியிருந்தால் நீந்தக் கூடாது. நாங்கள் சென்ற முதல் நாள் கொடி ஏறியிருந்தது, கேப்டன் பயணத்திட்டத்தையே மாற்றி மற்றொரு நாள் அழைத்துச் சென்றார். ஐந்து நட்சத்திரம் தருவதென்றால் அந்த மனிதருக்குத்தான் தருவேன்.

நிறுவனத்துக்கு மூன்றுதான். விதிகளில் எனக்குக் குறையில்லை. அவை பணம் கட்டிய பிறகே கைக்கு வந்ததுதான் குறை. நான்கு பக்க விதித்தாள் ஏற்கனவே அச்சிட்டு இருந்தும், விளம்பரப் பக்கத்தில் பொருள்களின் பெயர்கள் மட்டுமே உள்ளன. வயது வரம்பு, பொறுப்பு, எங்கே பயன்படுத்தலாம் என்பவற்றில் ஒரு வரியும் இல்லை. கடைசி நாளில் ஒரு போர்டின் அடியிலுள்ள சிறு சிறகு உடைந்திருந்ததற்கு எங்கள் முன்பணத்தில் கழித்துக்கொண்டார்கள். ஆழமற்ற திட்டின் மேல் அதைச் செலுத்தியது நாங்கள்தான் என்பதால் அதை ஏற்றுக்கொண்டோம். ஆனால் அந்தத் தொகையும் முன்பே எழுத்தில் இருந்திருக்க வேண்டும். முன்பதிவுக்கு முன் விதித்தாளை மின்னஞ்சலில் கேளுங்கள், பிள்ளைகளின் வயதைக் குறிப்பிட்டு அவர்கள் எவற்றைப் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். நான் புகார் எழுதியதற்கு, இனி ஒப்பந்தத்துடனேயே தாளை அனுப்புவோம் என்று பதில் வந்தது. இதை எழுதும் இன்றுவரை விளம்பரப் பக்கம் அப்படியேதான் இருக்கிறது.